ஆட்சேபணை உண்டா

ஏட்டு பாலுச்சாமி சாப்பிடப் போயிருக்கிறார், வந்ததும் கேட்பார், கேட்டதும் ‘இல்லீங்க’ என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை, இந்த ஒரு சொல்லுக்கு நாக்கு ஏன் இப்படி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று நாகரத்தினத்துக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில் போட்டிருந்த பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. அசைந்தால் டொக்கென்றது. அசையாமல் இருக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. பக்கத்தில் மகன் அருள்பாண்டி நின்றுகொண்டிருந்தான். உட்காருடா என்றால் உட்கார மாட்டான், காரியம் கேட்டு வந்த இடத்தில் நிற்பதுதான் மரியாதை என்று அவனுக்கு நினைப்பு. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் பட்டா நகல், ஆதார், பன்றி உழுது போட்ட வாழைத்தோட்டத்தின் நாலு போட்டோ, எல்லாவற்றுக்கும் மேலே துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு எழுதிய மனு. மஞ்சப்பாறையிலிருந்து வண்டியில் இறங்கி வரும்போது அத்தனை வளைவிலும் ஒன்றும் பேசாமல் வந்தவன் கடைசி வளைவில் தலையைத் திருப்பாமல் சொன்னான்: “அம்மா, வீட்ல இருக்கவங்களுக்கு ஆட்சேபணை இருக்கான்னு கேப்பாங்க. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. வேற ஒண்ணும் பேச வேணாம்.” அவள் ‘ம்’ என்றாள். அந்த ‘ம்’மைக் கேட்டு அவன் முதுகு இளகியதை, பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்குப் பார்க்க முடிந்தது. அம்மா ‘ம்’ என்றால் முடிந்தது என்று சின்ன வயதிலிருந்தே நம்புகிற பிள்ளை. கீழே வந்ததும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, தின்கிறாளா என்று பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே கூட்டி வந்தான். இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு ‘இல்லை’ சொல்லிவிட்டுப் போவதில் என்ன குறைந்துவிடப் போகிறது.

உள்ளே நீள மேசையில் துப்பாக்கிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். அதைப் பார்க்க வேண்டாம் என்றுதான் தெருப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள், ஆனால் வாசனை வந்துவிட்டது. மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் போட்டுத் துடைத்த இரும்பின் வாசனை. எலக்‌ஷன் முடிந்திருக்கிறது. எலக்‌ஷன் அறிவித்ததும் லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும், ஓட்டு எண்ணி முடிந்தபிறகு ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்; மலையில் இது வழக்கம், யாரும் கேள்வி கேட்பதில்லை, முணுமுணுப்பதோடு சரி. இன்றைக்குத் திரும்பக் கொடுக்கிறார்கள். பெண் போலீஸ் ஒருத்தி சீட்டு நம்பரைப் படிக்கப் படிக்க ஒவ்வொருவராக வந்து வாங்கிப் போனார்கள். ஒரு பெரியவர் தன்னுடையதை வாங்கி, தோள்துண்டால் துடைத்து, தோளில் சாத்திக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். “எழுவத்தஞ்சு நாளா தூக்கமில்ல தாயி,” என்றார், கேட்கிறவர் யாராக இருந்தாலும் சரி என்பதுபோல. “இது இல்லாம தோட்டத்துக்குள்ள கால் வைக்க முடியல. எலக்சன் வந்துருச்சுன்னு பன்னிக்குக்கூடத் தெரிஞ்சுபோகுது.” அருள்பாண்டி சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து ஒரு மாசம் இருக்கும். நாகரத்தினமும் சிரித்து வைத்தாள், ஆனால் மனசு அதற்குள் வேறெங்கோ போய்விட்டது, அவள் வீட்டுச் சுவரில், நிலைக்கு மேலே, அடித்திருந்த இரண்டு ஆணிக்கு. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின ஒரு எலக்‌ஷனில் வீட்டுக்காரருடைய துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போயிருந்த கோடையில் ஆணி சும்மாதானே இருக்கிறது என்று சுளகை மாட்டி வைத்திருந்தாள். அப்போதுதான் அவள் விடியும்வரை அயர்ந்து தூங்கினாள். ஏன் என்று அன்றைக்குத் தெரியவில்லை. தோட்டத்தைப் பன்றி தின்றுகொண்டிருக்கிறது, இந்த நேரத்தில் இப்படித் தூக்கம் வருகிறதே, நமக்கென்ன புத்தி மழுங்கிவிட்டதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இப்போது யோசித்தால் அந்த எழுபத்தைந்து நாளில் வீடு ஒரு சாண் கூடுதல் அகலமாக இருந்த மாதிரி இருக்கிறது.

அவளுடைய வீட்டுக்காரர் தவசி கெட்ட ஆள் இல்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள், வக்கீலிடம், அண்ணனிடம், மதுரை ஜெயிலுக்கு மனுப்பார்க்கப் போகும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம்கூட. சொல்லச் சொல்ல எல்லோரும் அவளைப் பாவமாகப் பார்த்தார்கள், கொலைகாரன் பெண்டாட்டி வேறென்ன சொல்லுவாள் என்று. ஆனால் அது சத்தியம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடியென்று அவள்மேல் அவர் கை பட்டதில்லை. குடி என்றால் சாமி கும்பிடுக்கு ஒருநாள், பொங்கலுக்கு ஒருநாள். கோபம் வரும், யாருக்குத்தான் வராது, வந்த சுருக்கில் போய்விடும், போனபிறகு எதிரில் நிற்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போய் நின்றுகொள்வார். குருநாதன் அவருக்குத் தம்பி. மாமியார் இல்லாத வீட்டுக்குத்தான் நாகரத்தினம் வாழ வந்தாள். வந்த அன்றைக்குக் குருவுக்கு ஏழு வயது, மூக்கு ஒழுகிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தான். அவள்தான் குளிப்பாட்டினாள், பேன் பார்த்தாள், அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் கிடந்தாள். பாண்டி பிறந்தபோது அவளுக்கு இது இரண்டாவது பிள்ளை என்று ஊரில் சொன்னார்கள், அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. ‘மதினி’ என்று அவன் கூப்பிட்டால் அதில் பாதி ‘அம்மா’தான். வளர்ந்ததும் தோட்டத்தை இரண்டாகப் பிரித்து வேலி போட்டார்கள், அடுப்பைப் பிரிக்கவில்லை, சாப்பாடு அவள் கையால்தான். பிரிக்க முடியாமல் நின்றது தண்ணீர் ஒன்றுதான். மேலே ஊற்றிலிருந்து ஒரே ஒரு ஓஸ் பைப், இரண்டு தோட்டத்துக்கும். அண்ணனுக்கு மூன்று நாள், தம்பிக்கு மூன்று நாள் என்று பேசி முடித்தார்கள். வாரத்துக்கு ஏழு நாள் என்பது பேசி முடித்தபிறகுதான் ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. கோடையில்தான் ஞாயிற்றுக்கிழமை பெரிதாகிப்போனது.

அந்த எலக்‌ஷன் கோடையிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். தவசி பைப்பின் இணைப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார், குரு வந்து பிடுங்கினான். வாய் வளர்ந்தது. என் பங்கைத் தின்கிறாய் என்று ஒருவர், நீயெல்லாம் அண்ணனா என்று ஒருவர், செத்துப்போன தாயையும் தகப்பனையும் இரண்டு பேரும் சந்திக்கு இழுத்தார்கள். தவசியின் கையில் மண்வெட்டி இருந்தது. கைப்பிடிக் கணையைத் திருப்பி ஒரு போடு, குருவுக்குக் காறை எலும்பு முறிந்தது. ‘அண்ணே’ என்று சொல்லிக்கொண்டே அவன் வாய்க்காலில் உட்கார்ந்துவிட்டான். அந்த ஒரு ‘அண்ணே’யில் எல்லாம் முடிந்துபோனது, மண்வெட்டி அந்தப் பக்கம் கிடந்தது, தவசி தம்பியை முதுகில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார், கீழே பெரியாஸ்பத்திரியில் கட்டிலுக்கு அடியில் நாலு நாள் துண்டை விரித்துக் கிடந்தார், ஹார்லிக்ஸ் ஆற்றிக் கொடுத்தார். அடித்தவரே அழுதுகொண்டு நிற்பதைப் பார்த்து நர்ஸ் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். தொட்டில் கட்டின கையோடு குரு வீடு வந்தபோது அவள்தான் சோறு பிசைந்து ஊட்டினாள். “மதினி, அண்ணன்கிட்டச் சொல்லி இந்தக் கையையும் ஒடிக்கச் சொல்லுங்க, கவனிப்பு பிரமாதமா இருக்கு,” என்றான். தவசிக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது, தலையில் தட்டியவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமையை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வது என்று அந்தச் சாப்பாட்டிலேயே பேசிக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய சண்டை, ஒரு எலும்போடு போய்விட்டது. துப்பாக்கி அப்போது இந்த ஸ்டேஷனுக்குள்ளேதான் எங்கோ ஒரு பீரோவில், சீட்டுக் கட்டிக்கொண்டு கிடந்தது என்று அன்றைக்கு அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

அதை ஏன் திரும்ப வாங்கினோம். இந்த இடத்துக்கு வந்தால் அவளால் மேலே போக முடியாது, பதினோரு வருஷமாக இங்கே வந்துதான் முட்டிக்கொண்டு நிற்கிறாள். ஓட்டு எண்ணி ஒரு வாரமாகியும் தவசி போகவில்லை, மெதுவாகப் போகலாம் என்றார், தம்பியைத் தொட்டிலோடு பார்த்தபிறகு அவருக்கு எதையும் கையில் எடுக்கவே ஒரு மாதிரி இருந்திருக்கும். அவள்தான் விடவில்லை. அந்த வாரம் அறுபது வாழையைப் பன்றி சாய்த்திருந்தது. கிழங்கோடு தோண்டித் தின்றுவிட்டு, தண்டைச் சும்மா கிழித்துப் போட்டிருந்தது, தார் தள்ளுகிற மரமெல்லாம். “ஊர்ல அம்புட்டுப் பேரும் வாங்கியாந்துட்டாக. நீங்க என்ன மாப்பிள்ளை முறுக்கா முறுக்கிக்கிட்டு இருக்கீக?” மூன்று நாள் சொன்னாள். நாலாம் நாள் போனார். அவர் கொண்டுவந்ததும் சுளகை இறக்கிவிட்டு ஆணியைத் துடைத்துக் கொடுத்தவளும் அவள்தான். அதற்கு முன்னால், அதற்கும் பல வருஷத்துக்கு முன்னால், முதன்முதல் லைசென்ஸுக்கு எழுதிப் போட்டபோது விசாரணைக்கு வீட்டுக்கு வந்தார்கள், கிராம நிர்வாக அதிகாரியும் ஒரு போலீஸ்காரரும். விசாரணைக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பலாமா. அவள் உள்ளே வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் சத்தத்தில் அவர்கள் பேசியது எதுவும் காதில் விழவில்லை, அஞ்சு நிமிஷத்தில் எழுதி முடித்துவிட்டு, பஜ்ஜி தின்ன அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ரெண்டு வைக்கவா என்று அவள்தான் அவர்களைக் கேட்டாள். கேட்டிருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பாய், தங்கமான மனுசன் என்றுதானே சொல்லியிருப்பாய். ஆமாம், அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

பெண் போலீஸ் இன்னொரு நம்பரைப் படித்தாள். பெஞ்சு டொக்கென்றது. “தண்ணி வேணுமாம்மா?” என்றான் பாண்டி. வேண்டாம் என்று தலையாட்டினாள், கண்ணை அவன் பக்கம் திருப்பவில்லை. துப்பாக்கி வீட்டுக்குத் திரும்பி வந்ததற்கு அடுத்த வருஷக் கோடையில் மழை தள்ளிப்போனது. ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்ததில் எந்த ஞாயிறு யாருடையது என்கிற கணக்குக் குழம்பிவிட்டது. விடிந்து வெயில் ஏறாத நேரம், பரணில் பன்றிக் காவல் இருந்துவிட்டு தவசி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார், வழியில் குரு பைப்பைத் திருப்பிக்கொண்டிருந்தான். அதே பேச்சு. வார்த்தைகூட மாறவில்லை, என் பங்கு என்று ஒருவர், நீயெல்லாம் அண்ணனா என்று ஒருவர். அவள் அடுப்படியில் டீயை நாலு டம்ளரில் ஊற்றிக்கொண்டே, ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தாள். சிரித்தாள்கூட. இன்றைக்கு எந்த எலும்போ, மறுபடியும் ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்க வேண்டியதுதான் என்று. சத்தம் கேட்டபோது, இந்த வெளிச்சத்தில் பன்றி வராதே என்றுதான் முதலில் தோன்றியது. பாண்டி அவளைத் தாண்டி ஓடினான், பதினைந்து வயது, சட்டைகூடப் போட்டிருக்கவில்லை. அவள் போய்ச் சேர்ந்தபோது குரு மல்லாந்து கிடந்தான். முகத்தில் வலி இல்லை. அடம்பிடித்துக்கொண்டே இருக்கும்போது சாக்லேட்டைப் பறித்துவிட்டால் சின்ன வயதில் எப்படிப் பார்ப்பானோ அப்படி, நம்ப முடியாத முகமாக இருந்தது. இந்தத் தடவை ‘அண்ணே’ என்று சொல்ல அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. பாண்டி சித்தப்பனின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான், அழுத்தினால் நின்றுவிடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்களாம். சாயங்காலம் எல்லோரும் வந்து போனபிறகு அடுப்படிக்குள் நுழைந்தால் நாலு டம்ளரும் வரிசையாக இருந்தன. குருவின் டம்ளரை மட்டும் அவளால் கழுவ முடியவில்லை, அதன்மேல் ஆடை கட்டி, நடுவில் ஒரு எறும்பு செத்துக் கிடந்தது.

விதி என்றார்கள். அவளுடைய அண்ணன் சொன்னான், வக்கீலும் சொன்னார், துப்பாக்கி இல்லை என்றால் அரிவாளால் வெட்டியிருப்பான், செய்கிறவன் எதை வைத்தும் செய்வான், நேரம் வந்துவிட்டது. அவளும் தலையாட்டினாள், தலையாட்டினால்தானே விடுவார்கள். ஆனால் அரிவாள் முதல் கோடையிலும் இருந்தது, கொட்டகைச் செருகலில், கையெட்டும் தூரத்தில். அவர் எடுக்கவில்லையே. அரிவாள் என்றால் போய் எடுக்க வேண்டும், எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும், பக்கத்தில் போக வேண்டும், போனால் தம்பியின் முகம் தெரியும், அம்மைத் தழும்பு தெரியும், எங்கேயாவது ஒரு அடியில் கால் நின்றிருக்கும். அன்றைக்கு அவர் இருபதடி தள்ளி நின்றார். ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒவ்வொரு தடவையும் ஒன்றையேதான் சொல்கிறார்: “சத்தம் கேட்டப்பறந்தான் எனக்கே தெரிஞ்சுச்சு ரத்தினம்.” சத்தம் கேட்ட பிறகு. அப்படியென்றால் அதற்கு முன்னால் அங்கே நின்றது யார். சரி, அது இருந்ததால்தான் நடந்தது என்றே வைத்துக்கொள், அதற்காக ஊரில் உள்ள துப்பாக்கியெல்லாம் பிடுங்கிவிட முடியுமா. இதோ இந்தப் பெரியவர் நாற்பது வருஷமாக வைத்திருக்கிறார், ஒரு காக்காய் செத்திருக்குமா. போன தை மாசம் மேல்காட்டில் ஒருத்தனைப் பன்றி தொடையில் கிழித்து, ரோட்டுக்குக் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது, அவன் பெண்டாட்டியிடம் போய்த் துப்பாக்கி வேண்டாம் என்று சொல்ல உனக்கு வாய் வருமா. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி எத்தனை வீட்டுக் கூரையில் செருகியிருக்கிறது, அவர்கள் எல்லாம் ஏட்டையாவிடம் வந்து ரசீதா வாங்குகிறார்கள். ஒரு பாரத்தில் ஒரு கேள்வி, அதற்கு ஒரு பொம்பளையின் பதில், அதை வைத்துக்கொண்டு எதைத் தடுப்பாய். ஒன்றும் தடுக்க முடியாதுதான். ஆனாலும் எழுபத்தைந்து நாள் தடுத்ததே. எதற்கோ போட்ட சட்டம், எலக்‌ஷன் கலாட்டாவுக்குப் பயந்து போட்டது, எங்கள் குருவுக்கு என்று யாரும் போடவில்லை, அது தெரியாத்தனமாக அவனுக்கு ஒரு வருஷம் கொடுத்தது. ஒரு வருஷம் சோறு தின்றான், கேலி பேசினான், பெண் பார்க்கப் போய் வெட்கப்பட்டான். அது சின்ன விஷயமா. பெரிய விஷயமும் இல்லைதான், அடுத்த கோடையில் போய்விட்டானே. இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தால் தலை கிறுகிறுக்கிறது.

பாண்டி அப்படி இல்லை. பாண்டி யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. பி.காம் படித்துவிட்டு, கீழே வேலை கிடைத்தும் போகாமல், அம்மா தனியாக இருப்பாள் என்று மலையிலேயே நின்றவன். ஆயிரத்து எண்ணூறு கன்று வைத்தான், ஒவ்வொரு குழியும் அவனே வெட்டினான். போன மாதம் ஒரே வாரத்தில் நானூறு போனது. ஒருநாள் காலையில் அவள் தோட்டத்தில் போய்ப் பார்த்தபோது, சாய்ந்து கிடந்த ஒரு மரத்தை நிமிர்த்தி மண் அணைத்துக்கொண்டிருந்தான், வேரே இல்லை அதற்கு. அவன் பெண்டாட்டி சுகன்யா அஞ்சு மாசம், அவளை ராத்திரி தனியாக விட்டுவிட்டுப் பரணில் போய்த் தகரத்தைத் தட்டிக்கொண்டு கிடக்கிறான், பன்றிக்குத் தகரம் பழகிவிட்டது. “சுடுறதுக்கு இல்லம்மா, சத்தத்துக்குத்தான். மேல பாத்து ஒண்ணு போட்டா ஒரு வாரத்துக்கு வராது,” என்றான். அவள் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். “துப்பாக்கியா சுட்டுச்சு? ஆள்தானேம்மா சுட்டாரு. நான் அந்த ஆள் இல்ல.” சித்தப்பன் நெஞ்சை அழுத்தின கை அது. அந்தக் கையை நம்பாவிட்டால் எதைத்தான் நம்புவது. குருவுக்கு அன்றைக்கு என்ன வயதோ அதே வயது இப்போது இவனுக்கு, சில நேரம் பின்னால் இருந்து பார்த்தால் அவனே நடந்து போகிற மாதிரி இருக்கும். சரி, போகட்டும், ‘இல்லீங்க’ என்று சொல்லிவிடலாம். பிள்ளை பிழைக்கட்டும். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சுகன்யாவுக்கு ரசம் வைக்க வேண்டும். இல்லீங்க, இல்லீங்க, ஆட்சேபணை இல்லீங்க. மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், வந்தது.

ஏட்டு பாலுச்சாமி வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். நல்ல மனிதர், முகத்திலேயே தெரிந்தது. “உள்ள வாங்கம்மா, ஏன் வெயில்ல உக்காந்திருக்கீங்க,” என்று நாற்காலி போட்டார். பாரத்தை எடுத்து விரித்துப் பேனாவைத் திறந்தார்.

“தவசி சம்சாரந்தானே நீங்க?”

“ஆமாங்க.”

“பையன் உங்ககூடத்தான் இருக்காரு. குடிப்பழக்கம் உண்டா?”

“இல்லீங்க.”

“சண்டை சச்சரவு, அடிதடி, அக்கம்பக்கத்துல ஏதாச்சும்?”

“இல்லீங்க.”

“மனசு சரியில்லேன்னு வைத்தியம் பாத்தது?”

“இல்லீங்க.”

நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ‘இல்லீங்க’வுக்கும் பாண்டியின் மூச்சு சீராவது பின்னால் கேட்டது. ஏட்டு தலையை நிமிர்த்தாமலே, “வீட்ல உள்ளவங்களுக்கு ஆட்சேபணை ஏதும் உண்டா?” என்றார், கேட்டுக்கொண்டே பேனாவை அந்தக் கோட்டுக்குக் கொண்டுபோய் ‘இ’ போடத் தொடங்கிவிட்டார். அந்த ‘இ’யின் வளைவை அவள் பார்த்தாள். பதிலுக்குக் காத்திருக்காமல் அது பாட்டுக்கு வளைந்துகொண்டு போனது. இவரும் தனக்குள் பஜ்ஜிதான் தின்றுகொண்டிருக்கிறார் என்று கோணலாக ஒரு நினைப்பு ஓடியது, சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

“இருக்குங்க,” என்றாள்.

பேனா நின்றது. “என்னம்மா?”

“ஆட்சேபணை இருக்குங்க.”

“அம்மா,” என்றான் பாண்டி, மிக மெதுவாக.

ஏட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “காரணம் எழுதணுமேம்மா. பையன்கிட்ட என்ன குறை?”

“ஒரு குறையும் இல்லீங்க.”

“அப்பறம் என்னன்னு எழுத?”

அவளுக்கும் தெரியவில்லைதான். வாய் தானாகச் சொன்னது: “அவுக அப்பாவப் பத்தி அன்னைக்கு யாராச்சும் என்கிட்டக் கேட்டிருந்தாலும், ஒரு குறையும் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன். அதை எழுதிக்கங்க.”

ஏட்டு பேனாவை மேசைமேல் வைத்தார். பிறகு, குரலைத் தாழ்த்தி, “நான் எழுதிடறேம்மா. ஆனா இது ஒண்ணுக்காக நின்னுரும்னு நெனைக்காதீங்க. மேல கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போகணும், பயிர்ச்சேதம் நெசந்தான்னு பாத்து அவங்க குடுத்தாலும் குடுப்பாங்க,” என்றார்.

“தெரியுதுங்க. நீங்க கேட்டீக, நான் சொல்லிட்டேன்.”

‘இ’யை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். நாகரத்தினம் என்று எழுதுவதற்குள் கை நாலு தடவை நின்றது, பெற்ற பிள்ளைக்கு எதிராகத் தன் பெயரை எழுதுவது இவ்வளவு நீளமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

வெளியே வந்தபோது பாண்டி வண்டியின் பக்கத்தில் நின்றான். பிளாஸ்டிக் உறை கீழே கிடந்தது, போட்டோக்கள் வெளியே சரிந்திருந்தன. “ஊரு என்னம்மா சொல்லும்? பெத்தவளே நம்பலேன்னு சொல்லும். நானும் அப்பா மாதிரிதான்னு கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்துட்டீல்ல?” என்று கேட்டான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். தவசியின் முகம். இருபத்தாறு வருஷத்தில் ஒருநாளும் அந்த முகத்தில் வராத தவசி, முழுசாக, புடைத்த நரம்போடு, கடித்த உதட்டோடு வந்து நின்றிருந்தார். கோபம் இவனுக்கும் உண்டு, இருந்திருக்கிறது, இத்தனை நாள் எங்கேயோ உட்கார்ந்திருந்திருக்கிறது. அவன் கை எதையோ தேடியது. வண்டிக் கண்ணாடியில் மாட்டியிருந்த ஹெல்மெட்தான் அகப்பட்டது, அதை எடுத்துத் தலைக்கு மேலே ஓங்கி ரோட்டில் அடித்தான். அது துள்ளி, முன்கண்ணாடி விரிசல் விட்டு, உருண்டுகொண்டே போய்ச் சாக்கடை ஓரத்தில் நின்றது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி குழந்தையை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. அவன் கோபம் உச்சிக்கு ஏறி நின்ற அந்த நேரத்தில் தெருவில் யார் யார் இருந்தார்களோ அத்தனை பேரும் அதற்குப் பிறகும் இருந்தார்கள், நடந்து போனார்கள், பேரம் பேசினார்கள். நாகரத்தினம் மகனின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நரம்பு தணிந்தது. உதடு பல்லிலிருந்து விடுபட்டது. தவசி மெல்ல மெல்ல இறங்கிப் போனார், பாண்டி திரும்பி வந்தான், வந்து தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், ரெண்டு நிமிஷம், மிஞ்சினால் மூணு. குருவுக்கு இந்த ரெண்டு நிமிஷம்தான் கிடைக்கவில்லை. அது நினைப்புக்கு வந்ததும் அவள் ஸ்டேஷன் படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள், பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து. பாண்டி அவளிடம் வரவில்லை. நடந்து போய் ஹெல்மெட்டை எடுத்தான், சட்டையில் துடைத்தான், திரும்பி வந்து வண்டியைத் திருப்பி அவள் முன்னால் நிறுத்தினான். அவள் பக்கம் அவன் பார்க்கவே இல்லை.

“ஏறும்மா,” என்றான்.